நாலரை சென்டிமீட்டர்

2024 ஜூலை 6, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மார்த்தாண்டத்தில் சாரல். குடை விரித்தால் கூச்சமாகவும் விரிக்காவிட்டால் சட்டை நனைவதாகவும் உள்ள சாரல். மேம்பாலத்துக்குக் கீழே பஸ்களும் ஆட்டோக்களும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. நான் அந்த நெரிசலிலிருந்து விலகி ஒரு சந்துக்குள், கார்களைத் தாழ்த்திக் கொடுக்கிற பட்டறை ஒன்றின் வாசலில், எங்கள் சிறிய டீசல் காரோடு காத்திருந்தேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. எனக்கு முன்னால் மூன்று வண்டிகள். அவற்றோடு வந்திருந்த மூன்று பையன்களின் வயதையும் கூட்டினாலும் என் வயது வராது.

அதில் ஒருவன் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான்.

"தாத்தா, ரேசுக்காக்கும்?"

"ஏலே, சும்மா கெட," என்றார் பட்டறைக்காரர். அவருக்கே முப்பதுதான் இருக்கும். "சாரு நாலு தடவை வந்து விலை கேட்டுட்டு போனவரு. நீயெல்லாம் ஒரு தடவை வந்து அப்பன் காசை எறிஞ்சிட்டு போறவன்."

நாலு தடவை இல்லை, மூன்று. திருத்தவில்லை.

பையன்கள் காரைத் தாழ்த்துவது பார்வைக்காக. சக்கரத்துக்கும் மேலிருக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழையாதபடி வண்டி தரையோடு ஒட்டி நிற்க வேண்டும் அவர்களுக்கு. நான் தாழ்த்த வந்தது என் மனைவியின் இடது காலுக்காக.

அந்த வருடம் ஜனவரியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டது. பழைய கூர்மையோடே திரும்பியது. இடது கை பாதி வந்தது. இடது கால் நடக்க வந்தது, உயரத் தூக்க வரவில்லை. நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்து வீட்டுக்குள் நடப்பாள். சரிவில் நடப்பாள். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போகப் புறப்பட்டோம். கார்க் கதவைத் திறந்து, அவள் பின்புறமாகத் திரும்பி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். வலது காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். இடது கால் கதவின் கீழ்விளிம்பைத் தாண்டவில்லை. மூன்று முறை முயன்றாள். விளிம்பில் இடித்துக் கணுக்காலில் தோல் உரிந்தது. நான் குனிந்து காலைப் பிடிக்கப் போனேன்.

"தொடாதீங்க," என்றாள். "காலை மட்டும்தானே எடுத்து வைக்கப் போறேன்" என்றேன். "காலு என்ன, வேற ஆளா?" என்று கேட்டுவிட்டு எழுந்து, மெதுவாக வீட்டுக்குள் போய்விட்டாள்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் நர்சாக இருந்தவள். எத்தனை பேரைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கும் ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கும் தூக்கிப் போட்டிருப்பாள் என்று ஒருமுறை நான் கணக்குப் போட முயன்று, அவள் சிரித்ததால் விட்டுவிட்டேன். "தூக்கப்படுதவங்க மொகத்தை நான் பாத்திருக்கேன்," என்பாள். "அந்த மொகம் எனக்கு வேண்டாம்."

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். வர முடியாதவர்களுக்கு ஐயர் வீட்டுக்கே வந்து கொடுப்பார். (எங்கள் பக்கத்தில் சர்ச்சைக் கோயில் என்றும் சபைப் போதகரை ஐயர் என்றும்தான் சொல்லுவோம்.) ஆனால் அப்படி வீட்டில் வாங்க ஆரம்பித்தவர்கள் திரும்பக் கோயிலுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. அவளுக்கும் இல்லை. பிப்ரவரியில் ஐயர் கேட்டபோது அவள், "நான் அங்க வந்து வாங்குகேன், நீங்க அலைய வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்: கோயில் வாசலில் யார் கையும் படாமல் காரைவிட்டு வந்து, ஊன்றுகோலைப் பிடித்து, சரிவுப் பாதை வழியாக உள்ளே நடந்து போக வேண்டும். ஐந்து மாதமாக அது நடக்கவில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் போனில், "அப்பா, ஒரு வீல் சேர் வாங்கி ரெண்டு பேரை வச்சு தூக்குங்க" என்றான். போனை அவளிடம் கொடுத்தேன். அவன் அதை மறுபடி சொல்லவில்லை.

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெல் வயலில் சதுரம் போட்டு, அறுத்து, எடை போட்டு, ஏக்கருக்கு எவ்வளவு என்று எழுதிய கை. எனக்குத் தெரிந்த ஒரே உதவி அளப்பது. மே மாதம் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, இடது காலுக்கு முன்னால் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எவ்வளவு உயரம்வரை தூக்கித் தாண்டுகிறாள் என்று பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன். முப்பது சென்டிமீட்டர். காரின் கதவு விளிம்பு தரையிலிருந்து முப்பத்து நாலரை. குறைவது நாலரை சென்டிமீட்டர். காலை உயர்த்த எனக்கு வழி தெரியாது. காரைத் தாழ்த்தலாம் என்று செய்தித்தாளோடு வந்த விளம்பரத் துண்டு ஒன்று சொன்னது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன்.

"ஏறிட்டா போதுமா?" என்றாள். "எறங்கண்டாமா? எனக்கு எறங்குததுதான் பயம்."

"ஏறுததுதான் கஷ்டம். எறங்குதது தன்னால நடக்கும்."

"ஆமா, மாங்கா விழுத மாதிரி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

பட்டறைக்காரர் மூன்று வழி சொன்னார். முதல் வழி, வண்டியில் இருக்கிற சுருள் ஸ்பிரிங்கிலேயே ஒன்றரைச் சுற்றை அறுத்து எடுப்பது. செலவு மிகவும் குறைவு. "ஆனா சாரே, அறுத்த ஸ்பிரிங் வெறச்சுப் போவும். குழியில விழுந்தா பல்லு இளகும்." எனக்குச் சொந்தப் பல் பதினேழு. அந்த வழியை விட்டோம்.

இரண்டாவது, இதே வண்டியின் பெட்ரோல் மாடலில் வரும் ஸ்பிரிங்கை முன்சக்கரங்களுக்கு மட்டும் போடுவது. எங்கள் வண்டி இலகுவானது. பின்பக்கம் ஒரு சாக்கு அரிசி வைத்தாலே தெரியும். கனமெல்லாம் முன்னால் இருக்கும் டீசல் இன்ஜின்தான். அதைத் தாங்க அதன் ஸ்பிரிங் தடிப்பாக இருக்கும். பெட்ரோல் ஸ்பிரிங் மெலிசு, ஆகவே மூக்கு தாழும். ஆனால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தாழாது. வண்டியும் முகர்ந்து பார்க்கிற நாய்போல முன்னால் சாய்ந்து நிற்கும்.

மூன்றாவது, நான்கு சக்கரங்களுக்கும் தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங் செட். அதில் இரண்டு உண்டு. டீசல் வண்டிக்கானது ஐந்து சென்டிமீட்டர் தாழ்த்தும். பெட்ரோல் வண்டிக்கானது மூன்றரை. இங்கேதான் எனக்கு மூன்று வாரத் தூக்கம் போயிற்று. ஐந்து போதுமானதற்கும் மேல். ஆனால் வண்டியின் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே இருப்பதே பதினேழு சென்டிமீட்டர். ஐந்து போனால் பன்னிரண்டு. எங்கள் ஊரில் வேகத்தடையை அளவு பார்த்துப் போடுவதில்லை. யார் வீட்டு முன்னால் போடுகிறார்களோ அவருடைய கோபத்தின் உயரத்துக்குப் போடுவார்கள். மூன்றரை என்றால் வண்டி பிழைக்கும். ஆனால் அவளுடைய காலுக்கு ஒரு சென்டிமீட்டர் குறையும்.

மூன்றாவது தடவை போனபோது பட்டறைக்காரர்தான் வழி சொன்னார்.

"பெட்ரோல் செட்டை உங்க டீசல்ல போடுவோம் சாரே. இஞ்சின் கனத்துக்கு அது முன்னால மட்டும் இன்னும் ஒரு வெரக்கடை அமரும்."

"ஒரு விரற்கடை என்றால் எவ்வளவு?"

அவர் விரலைக் காட்டினார். நான் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அந்த விரலின்மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை சென்டிமீட்டர். கொஞ்சம் தள்ளுபடி கொடுத்து ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

"வெரலை அளக்கியளே சாரே, மோதிரம் போடப் போறியளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றரையும் ஒன்றும் நாலரை. கணக்கு மிச்சமில்லாமல் திகைந்துவிட்டது. எத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு கணக்கு அவ்வளவு சரியாகத் திகைந்தது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

பட்டறைக்காரர் ஒருமுறை கேட்கவும் செய்தார். "பாக்க கொள்ளாம், அழகா இருக்கும்னு தாழ்த்துதது இந்தப் பயக்க. உங்களுக்கு என்னத்துக்கு சாரே?" வீட்டுக் காரியத்தை அந்தப் பையன்கள் முன்னால் சொல்லப் பிடிக்கவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் அவருக்கு வேறு ஏதாவது தோன்றியிருக்கும் என்று நினைக்க எனக்கு ஆதாரம் இல்லை. அவர் வாழ்நாளில் அவருடைய வண்டிகளில் ஏறியவர்கள் எல்லோரும் துள்ளி ஏறியவர்கள்.

செட் வந்து சேரத் தாமதமாகி, திருவிருந்துக்கு முந்தின நாளில்தான் வந்தது. அதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன சனிக்கிழமை. பத்தே முக்காலுக்கு வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றி, உரச்சாக்கு ஒன்றில் போட்டு என் பக்கத்தில் வைத்தார்கள். புதியவை சிவப்பு நிறம். எல்லாம் முடித்து, சக்கரங்களை நேர் பார்த்து, வண்டியை இறக்கி நிறுத்தியபோது மணி ஐந்தரை. நான் குனிந்து கதவு விளிம்பை அளந்தேன். சரியாக முப்பது. ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுதலோ குறைவோ இல்லை. பட்டறைக்காரர் கையை நீட்டினார், நான் குலுக்கினேன்.

"இனி பைய போணும் சாரே. குழியைக் கண்டா கும்பிட்டுட்டு போங்கோ."

கும்பிட்டுக்கொண்டுதான் போனேன். குழித்துறைப் பாலத்தைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது மழை கனத்துவிட்டது. வீட்டு வாசலின் சரிவில் ஏறும்போது வண்டியின் அடியில் ஏதோ உரசிக் கிழிந்த சத்தம் கேட்டது. மழை இருட்டில் குனிந்து பார்த்து, என்ன என்று தெரியாமல் எழுந்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் காலையில ஏறிப் பாக்கலாம். நனைய வேண்டாம்," என்றாள். நான் ஒருமுறை நானாக ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒரு சிரமமும் இல்லை. என் முழங்கால்கள் நல்ல முழங்கால்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு அவள் கரை வைத்த வெள்ளைச் சேலை உடுத்தி வெளியே வந்தாள். காருக்கு முதுகு காட்டி நின்று, ஊன்றுகோலை என்னிடம் தந்து, கதவைப் பிடித்து உட்கார்ந்தாள். கொஞ்சம் வேகமாகவே போய் உட்கார்ந்தாள், தொப்பென்று. வலது கால் உள்ளே போயிற்று. இடது காலைத் தூக்கினாள். செருப்பின் அடி விளிம்பில் உரசியது. உள்ளே போய்விட்டது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கொள்ளாமே," என்றாள்.

நாற்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தப் பாராட்டை அவளிடமிருந்து நான் அதிகம் வாங்கியதில்லை. நான் கதவை மெதுவாகச் சாத்தினேன், கண்ணாடிக் கதவைச் சாத்துவதுபோல.

வீட்டிலிருந்து கோயிலுக்கு ஒன்பது வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். பின்னால் வந்த பைக்குகள் ஹாரன் அடித்தன. அப்படியும் நான்கில் அடிவயிறு உரசியது. "பேறுகாலத்துக்குத் தள்ளிட்டுப் போற ஸ்ட்ரெச்சரு கூட இதைவிட வெரசா போவும்," என்றாள். சந்தோஷமாக இருந்தாள். கிழங்கு விற்கும் இடம், ரப்பர்ப் பால் எடுக்கும் கடை, புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம் எல்லாவற்றையும் ஐந்து மாதம் கழித்துப் பார்க்கிறவளாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோயில் வளாகத்தில் சரிவுப் பாதைக்கு அருகில், கல் பதித்த நடைபாதையை ஒட்டி நிறுத்தினேன். நடைபாதை தரையைவிட எட்டு சென்டிமீட்டர் உயரம். அதை ஒட்டி நிறுத்தினால் அவள் இறங்க வேண்டிய தூரம் எட்டு குறையும் என்பது என் எண்ணம். முதல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். அவள் வலது காலை வெளியே வைத்தாள். இடது காலையும் விளிம்பில் உரசியபடி வெளியே எடுத்து வைத்தாள். இரண்டு பாதமும் நடைபாதைக் கல்லில் இருந்தன. ஊன்றுகோலைக் கொடுத்தேன்.

அவள் எழவில்லை.

உந்தினாள். இடுப்பு இருக்கையைவிட்டுச் சற்று எழும்பி மறுபடி விழுந்தது. மறுபடி உந்தினாள். அவளுடைய முழங்கால்கள் இடுப்பைவிட மேலே இருப்பதை நான் அப்போதுதான் கண்டேன். கிணற்றுக்குள் உட்கார்ந்திருப்பவளைப் போல் இருந்தாள். ஊன்றுகோல் கல்லில் வழுக்கியது. நான்காவது முறைக்குப் பிறகு அவள் என்னைப் பார்க்காமல், நேர் எதிரே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"முடியல்ல. எறங்க ஒக்கல்ல."

அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது, ஆனால் புரிந்து ஒரு பயனும் இல்லை. பஸ்ஸில் ஏறுகிறோம், பஸ்ஸிலிருந்து இறங்குகிறோம். வண்டி என்றால் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். காருக்கும் அதே சொல்லை வைத்துவிட்டோம். ஆனால் இந்தச் சின்னக் காருக்குள் போகிறவர்கள் கீழே போய் உட்காருகிறார்கள், வெளியே வரும்போது மேலே எழும்புகிறார்கள். இறங்குவது என்ற சொல் சொல்லும் திசைக்கு நேர் எதிராக உடம்பு போக வேண்டியிருக்கிறது. மே மாதம் அவள் "எறங்குததுதான் பயம்" என்றபோது உடம்பைச் சொன்னாள். நான் சொல்லைக் கேட்டேன். இறங்குகிறவளுக்கு உயரம் குறைந்தால் நல்லதுதானே என்று கதவு விளிம்பைப் பத்து தடவை அளந்த நான், இருக்கையின் உயரத்தை ஒருமுறைகூட அளக்கவில்லை. இத்தனைக்கும் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் அவள் எழும்ப வசதியாக இருக்கட்டும் என்று கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் கட்டை வைத்து ஏழு சென்டிமீட்டர் உயர்த்தியவனும் நான்தான். கட்டிலை உயர்த்திய கை காரைத் தாழ்த்திவிட்டது. போதாததற்கு நடைபாதையை ஒட்டி நிறுத்தி இன்னொரு எட்டையும் நானே சேர்த்துவிட்டேன்.

வண்டியை நடைபாதையிலிருந்து தள்ளி நிறுத்திப் பார்த்தோம். அப்போதும் முடியவில்லை. இருக்கையில் எதையாவது விரித்து உயர்த்தலாம் என்றால், உட்கார்ந்திருப்பவள் எழும்பினால்தானே விரிக்க முடியும்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். கமிட்டியில் இருக்கும் ஒருவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்தார். "ரெண்டு பேரு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா பிடிச்சா ஒரு நிமிஷம் சாரே."

"தொடப்படாது," என்றாள் அவள்.

"கூச்சப்படாதீங்க சிஸ்டர், நாங்க பிள்ளைக மாதிரி இல்லியா."

"பிள்ளைகன்னா சொன்னதைக் கேக்கணும்."

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டார். இரண்டாவது மணி அடித்தது. எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். அவள் கால்களை உள்ளே எடுத்துக்கொண்டாள். அது மட்டும் மிகவும் எளிதாக நடந்தது. நான் சுற்றிப் போய் என் இருக்கையில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது. அவள் சேர்ந்து பாடினாள்.

ஜெபத்தில் சுகவீனமானவர்களின் பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயர் ஏழாவதாக வந்தது.

"வாசிச்சாச்சு," என்றாள். "வாசல்ல வந்து இருக்கேன்னு ஆரும் சொல்லல்ல."

திருவிருந்து எல்லோருக்கும் கொடுத்து முடிந்ததும் ஐயர் வெள்ளை அங்கியோடு அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். யாரோ அவருக்குக் குடை பிடித்தார்கள். கார் ஜன்னல் அவருடைய இடுப்புக்குக் கீழே இருந்தது. குனிந்து பார்த்தார், அவளுடைய முகம் தெரியவில்லை. ஈரக் கல்லில் ஒரு முழங்காலை ஊன்றினார்.

"உள்ள வந்துதான் வாங்குவேன் ஐயரே," என்றாள் அவள். "இண்ணைக்கு வேண்டாம்."

"எங்க வாங்கினா என்னம்மா. ஆண்டவரே நமக்காக இறங்கி வந்தவருதானே."

"அவரு எறங்கினாரு. எனக்குத்தான் எறங்க ஒக்கல்ல."

குடை பிடித்தவர் முதலில் சிரித்தார். ஐயரும் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் வாங்கவில்லை. ஐயர் அங்கியில் சேறு படிந்த முழங்காலோடு எழுந்து உள்ளே போனார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்த பலாமரத்தில் எத்தனை காய் என்று எண்ணினேன். எண்ணிக்கை நினைவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகும் அவள் காரில்தான் இருந்தாள். வாசல் சரிவில் வண்டியை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி நிறுத்தினேன். சரிவு உதவும் என்று நினைத்தேன். உதவவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தட்டில் கொண்டுவந்து கொடுத்தேன். கொஞ்சம் சாப்பிட்டாள். தண்ணீர் வேண்டாம் என்றாள். அதிலேயே அவள் எதை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மழை வந்து வந்து நின்றது. "வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கட்டுமா?" என்று கேட்டேன். "என்னையும் சேத்தா?" என்றாள். ஜாக்கியை எடுத்து வைத்து, ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி, வண்டி வழுக்கத் தொடங்கியதும் பயந்து இறக்கிவிட்டேன்.

இரண்டே முக்காலுக்கு அவள் சொன்னாள்: "இனி இருக்க முடியாது. ஆளைக் கூப்பிடுங்க."

பக்கத்து வீட்டில் முந்திரி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் அவள் கணவனும் இருந்தார்கள். வந்தார்கள். "பயப்படாதீங்க, அம்மை எங்களுக்கு ஒரு பாரமா?" என்றாள் அந்தப் பெண். இரண்டு பேரும் அக்குளுக்குள் கைகொடுத்தார்கள். நான் கால்களைப் பிடித்தேன். காலும் ஆள்தான் என்று அவள் சொல்லியிருந்தாள், ஆனாலும் பிடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவள் எத்தனையோ பேரிடம் பார்த்த முகம் அதுதானா என்று எனக்குத் தெரியாது. நான் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. குளியலறை வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் சுவரைப் பிடித்து நின்று, "போதும் மக்களே, இனி நான் பாத்துக்கிடுகேன்" என்று கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை உரச்சாக்கோடு பட்டறைக்குப் போனேன்.

"ரெண்டு நாள்ல ஆசை தீந்துபோச்சா சாரே?"

அன்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நட்டு முடுக்கும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, "சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார். என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கும் தெரியவில்லை. "எனக்கும் அது தோணியிருக்காது சாரே," என்றார். கூலியில் கொஞ்சம் குறைத்தார். சிவப்பு ஸ்பிரிங் செட்டை ஒரு கல்லூரிப் பையன் பாதிக்கும் குறைவான விலைக்கு எடுத்துக்கொண்டான். அவன் வண்டி பெட்ரோல். அவனுக்கு மூன்றரைதான் தாழும்.

வண்டி பழைய உயரத்துக்கு வந்தது. விளிம்பு முப்பத்து நாலரை, இருக்கை ஐம்பத்திரண்டு. இரண்டையும் இப்போது அளந்து வைத்திருக்கிறேன். இந்த இரண்டில் ஒன்று குறைய மற்றதும் குறைகிறது, ஒன்று கூட மற்றதும் கூடுகிறது. அவளுக்கு ஒன்று குறைந்து மற்றது கூட வேண்டும். அப்படி ஒரு வண்டியை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. விளிம்பு தாழ்ந்து இருக்கை உயர்ந்த வண்டிகள் இருக்கின்றன என்று மகன் படங்கள் அனுப்பினான். விலையும் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. என் ஓய்வூதியத்தில் எத்தனை மாதம் என்று வகுத்துப் பார்த்தேன். என் வயதோடு அதைக் கூட்டியும் பார்த்தேன். படங்களை அவளுக்குக் காட்டவில்லை.

மெத்தையைத் தடிமனாக்கி மறுபடி முயலலாம் என்று இரண்டு முறை சொன்னேன். அவள், "காரைப் பத்தி இனிப் பேசண்டாம்" என்றாள். கோபத்தோடு சொல்லவில்லை. கோபத்தோடு சொல்லியிருந்தால் நான் மூன்றாவது முறை சொல்லியிருப்பேன்.

ஜூலை கடைசி வாரம் அவளே ஐயருக்குப் போன் செய்தாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். "முதல் ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு வருவியளா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. "இல்ல ஐயரே, சொகக்கேடு ஒண்ணும் கூடல்ல. காரு சரியில்ல," என்றாள்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு பதினொன்றரைக்கு ஐயர் வந்தார். சிறிய பெட்டியைத் திறந்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தார். அவள் அதே கரை வைத்த சேலையோடு முன்னறையில் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க இருந்தபடியே இருங்கம்மா" என்றார் ஐயர். அவள் நாற்காலியின் கைகளை அழுத்தி எழுந்தாள். எனக்குக் கை முன்னால் போயிற்று, பின்னால் இழுத்துக்கொண்டேன். ஊன்றுகோலைப் பிடித்து நேராக நின்று அவள் அப்பத்தை வாங்கினாள். பாத்திரத்திலிருந்து குடித்தாள். எனக்கும் கொடுத்தார். நானும் நின்றேதான் வாங்கினேன். ஜெபம் முடியும்வரை அவள் உட்காரவில்லை. கால் நடுங்கியது. ஐயர் கடைசி வரியைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லி முடித்தார்.

அவர் போனபிறகு அவள் உட்கார்ந்து, "நல்ல மனுஷன்," என்றாள். பிறகு, "அங்க எல்லாரும் சேந்து பாடுத சத்தம் இல்லியே, அதுதான்," என்றாள்.

அதற்குச் செய்ய எனக்கு எதுவும் இருக்கவில்லை. மேசைக்குப் போய், மே மாதத்திலிருந்து எழுதி வைத்திருந்ததைக் கூட்டினேன். ஸ்பிரிங் செட், போட்ட கூலி, கழற்றிய கூலி, சக்கரம் இரண்டு தடவை நேர் பார்த்தது, வாசல் சரிவில் கிழிந்த அடித்தகட்டை ஒட்டியது, எல்லாம் சேர்த்து, கல்லூரிப் பையன் கொடுத்த நாலாயிரத்தைக் கழித்தேன். பத்தொன்பதாயிரத்து நானூறு ரூபாய்.